ஊராட்சித் தலைவரிடம் எதை எதிர்பார்ப்பது?

"உங்கள் ஊர்த் தலைவர் எப்படி?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "தங்கமான மனிதர், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்" என்பார்கள். நல்லது கெட்டதற்குத் தவறாமல் வருவார், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடத்திக் கோப்பை கொடுத்தார், ஊரடங்கின்போது வீட்டுக்கு வீடு அரிசி இறக்கினார் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதையும் நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. 2020-இன் அந்த மாதங்களில் கூலி வேலை நின்றுபோன வீடுகளில் அந்த அரிசிதான் உலையில் கொதித்தது. கொடுத்த கைகள் நன்றாக இருக்கட்டும்.

ஆனாலும் ஓர் ஊராட்சித் தலைவரின் பொதுத்தொண்டை இந்தப் பட்டியலை வைத்து அளப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். தலைவருக்கு மாத மதிப்பூதியம் வெகுகாலம் 1,000 ரூபாயாக இருந்தது. பிறகு 2,000 ஆனது. அதை வைத்துக்கொண்டு யாரால் கோப்பையும் அரிசியும் வாங்கிக் கொடுக்க முடியும்? நிலபுலன் உள்ளவரால் முடியும். ஒப்பந்த வேலை எடுப்பவரால் முடியும். கொடுப்பவரே நல்ல தலைவர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், களையெடுக்கப் போகும் ஒருத்தியோ தையல் மெஷினை நம்பிப் பிழைக்கும் ஒருவரோ அந்த நாற்காலியைப் பற்றி நினைத்துப் பார்க்கவே முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. அரிசி வாங்கியவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து, "தெருவிளக்குக்கு எவ்வளவு செலவு காட்டினீர்கள்?" என்று கேட்பாரா? நா எழாது.

எனக்குத் தெரிந்த ஒரு தலைவர் இந்தப் பட்டியலில் எங்குமே வர மாட்டார். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் கிடையாது. மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் நின்று வென்றார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் தலைவரம்மா என்றே எழுதுகிறேன். ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பதவியேற்ற அன்று ஊராட்சி அலுவலகத்தில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். கணவருக்கு! யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, அதுதான் வழக்கம். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் பல ஊர்களில் கையெழுத்து மனைவியுடையது, நிர்வாகம் கணவருடையது. "தலைவரைப் பார்க்க வந்தேன்" என்றால் வேட்டி கட்டியவரைத்தான் காட்டுவார்கள். தலைவரம்மா அந்த நாற்காலியைத் தன் கையால் நகர்த்தி, நின்றுகொண்டிருந்த வார்டு உறுப்பினரான ஒரு வயதான அம்மாளை உட்காரச் சொன்னார். கணவர் சரக்கு வேன் ஓட்டுபவர். அவரும் "சரி, எனக்கு லோடு இருக்கிறது" என்று கிளம்பிவிட்டார். அவர் கிளம்பிய விதத்தையும் நான் மதிக்கிறேன்.

ஊராட்சித் தலைவரின் வேலை என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊராட்சிச் சாலை, சுடுகாட்டுக்குப் போகும் பாதை. சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நடைமுறையில் அது விடியற்காலை ஐந்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு. "அம்மா, தண்ணீர் வரவில்லை" என்பதில்தான் பெரும்பாலான நாட்கள் தொடங்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைவர் யார் பக்கம் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். எங்கள் பக்கத்து ஊர்களில் மேல்நிலைத் தொட்டி பெரும்பாலும் பெரிய தெருவை ஒட்டித்தான் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், பட்டியல் சாதியினர் குடியிருக்கும் காலனி. திறந்தவுடன் முதல் தெருவில் குழாய் பீய்ச்சும். அங்கே நாலு வீட்டில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். கடைசித் தெருவில் குடத்தின் அடி நனைவதற்குள் டேங்க் ஆபரேட்டர் வால்வை அடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். யாரும் யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் இல்லை.

தலைவரம்மா செய்தது இரண்டு காரியம். கடைசித் தெருவுக்குப் போகும் குழாயில் தனி வால்வு வைத்தார். அதற்கு ஊராட்சியின் பொது நிதியே போதுமானதாக இருந்தது. பிறகு எந்தத் தெருவுக்கு எந்த நேரம் வால்வு திறக்கப்படும் என்பதைத் தொட்டியின் கால் ஒன்றில், ஆள் உயரத்தில், பெயிண்டில் எழுதி வைத்தார். முதல் வாரம் சண்டைதான். மோட்டார் வைத்திருந்த வீடுகளில் ஒன்று அவருடைய சின்ன மாமனார் வீடு. "உறவென்று பார்க்க மாட்டாயா?" என்று வாசலில் வந்து நின்று கேட்டார். "பார்க்கிறேன் மாமா, அதனால்தான் நோட்டீஸ் அனுப்பாமல் நேரில் சொல்கிறேன்" என்றார் இவர். மோட்டார் கழன்றது. அந்த வீட்டுப் பேச்சு வார்த்தை மீண்டு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். நற்சான்றிதழில் இதெல்லாம் வராது.

ஆனால் அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தண்ணீர் அல்ல, கிராம சபை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். இது சட்டம் தந்த இடம், யாரும் அழைக்கத் தேவையில்லை. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் இருந்தன. 2022-இல் மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாயின. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கும் மேல் என்றால் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

இந்த எண்ணிக்கையை எப்படி நிரப்புவார்கள் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலிருந்து பெண்களை அப்படியே அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். வருகைப் பதிவேடு கைமாறி வரும். கூட்டப்பொருளை ஊராட்சி செயலர் மூச்சுவிடாமல் வாசிப்பார். கூட்டத்தைப் பார்வையிட ஒன்றியத்திலிருந்து வந்த அலுவலரான பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். தேநீர், புகைப்படம், கலைவு. தீர்மானப் பதிவேட்டில் "ஒருமனதாக நிறைவேறியது" என்ற வரி மட்டும் பிறகு, அலுவலகத்தில் வைத்து எழுதப்படும். சில இடங்களில் பதிவேடே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும். எனக்கு இதில் வருத்தம் மட்டும் இல்லை, கோபமே உண்டு. நாட்டின் சட்டம் ஒரு கூலித் தொழிலாளிக்குக் கேள்வி கேட்கும் உரிமையை நேரடியாகக் கையில் கொடுத்த ஒரே இடத்தை இப்படி ஒரு மணி நேரச் சடங்காக ஆக்கிவிட்டோம்.

வரவு செலவைப் பதாகையாக எழுதிக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. தலைவரம்மா பதாகையும் வைத்தார். அதோடு நிற்காமல் வாசித்தார். ஒவ்வொரு வரியாக, தேதியோடு. ஒரு மே தினக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பள்ளிக்கூடத்து வராந்தா, வெளியே வேப்பமர நிழலிலும் ஆட்கள். பிளீச்சிங் பவுடர் வாங்கியது, குப்பை வண்டிக்குச் சக்கரம் மாற்றியது, எல்.இ.டி. விளக்குகள் எத்தனை, எந்தெந்தக் கம்பத்தில் போட்டது என்று போய்க்கொண்டிருந்தது. "ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காயில் கட்டிய கூலி" என்று ஒரு வரி வந்ததும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"அம்மாடி, நில்லு. குடியரசு நாள் கூட்டத்திலும் இதே மோட்டாருக்குக் காயில் கட்டியதாகத்தானே வாசித்தாய்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. செயலரின் முகம் மாறியது. ஒரே மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டியதாகப் பில் போடுவது ஊராட்சிகளில் பழைய வித்தை. பெரியவர் அதைத்தான் மனதில் வைத்துக் கேட்டார். தலைவரம்மா காகிதத்தை இறக்கிவிட்டு, "ஆமாம் பெரியப்பா, அதே மோட்டார்தான். இரண்டு தடவை கருகியது. ஏன் என்று அவரே சொல்லட்டும்" என்று டேங்க் ஆபரேட்டரை எழுப்பினார். அவர் கூச்சத்தோடு எழுந்து, இரவில் மூன்று பேஸில் ஒன்று போய்விடுகிறது, அது தெரியாமல் மோட்டார் ஓடிக் கருகிவிடுகிறது என்றார். உடனே இன்னொருவர், சொந்தமாகப் பம்புசெட் வைத்திருப்பவர், "அப்படியென்றால் பிரிவென்டர் போடவில்லையா? ஒரு பேஸ் போனால் தானாக நிறுத்திவிடுமே. நாங்கள் எல்லோரும் போட்டிருக்கிறோமே" என்றார். ஊராட்சியின் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருந்த பிரிவென்டர் எப்போதோ பழுதாகி, நேர் கம்பி கொடுக்கப்பட்டிருந்தது. புதியதை வாங்கிப் போட அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியதைத் தலைவரம்மாவே உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துக்குப் பதிவேடு போனது.

இதில் எனக்குப் பிடித்தது தலைவரம்மாவின் நேர்மை மட்டும் அல்ல. சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வியிலிருந்து ஒரு நல்ல யோசனை பிறந்ததே, அதுதான். பொறியாளர் வந்து பார்த்திருந்தால் புது மோட்டாருக்கு மதிப்பீடு போட்டிருப்பார். ஊருக்குள் இருபது பேருக்குத் தெரிந்த விஷயம் ஊராட்சிக்குத் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் ஊராட்சி அவர்களிடம் பேசியதே இல்லை.

உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படுவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலை முறை. நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்ற தகுதிகளைப் பார்த்தால், நம் தலைவரம்மாவின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்க வழியே இல்லை. அதனால் அந்தப் பெருமையை நான் அளவோடுதான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு விதி என்னை அசைத்துப் போட்டது. வாரியம் எனப்பட்ட நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் நிற்க முடியாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கை இவ்வளவு முக்கியமாக நினைத்திருக்கிறார்கள்.

நல்ல தலைவரையும் கட்டிப்போடும் முடிச்சுகள் இன்றைய முறையில் உண்டு. காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தவறு நடக்காமல் இருக்க வைத்த ஏற்பாடுதான். ஆனால் துணைத்தலைவர் தோற்ற அணிக்காரராகவோ, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சியின் தலைவரை ஏற்க மனமில்லாத ஆதிக்கச் சாதிக்காரராகவோ இருந்தால், ஒரு கையெழுத்தை நிறுத்தி ஊரையே நிறுத்திவிடலாம். தூய்மைக் காவலர்களின் சம்பளம் தள்ளிப்போகும், கடன் சொல்லிப் பொருள் வாங்கிய கடையில் தலைவர் தலைகுனிந்து நிற்க வேண்டும். இன்னொரு பக்கம், மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கம் செய்யும் நடவடிக்கை அவர் கையில் இருக்கிறது. பணம் எந்தத் திட்டத்துக்கு என்று பெரும்பாலும் மேலிருந்தே எழுதி வந்துவிடும்.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேசுவது நேர்மையாக இருக்காது. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் தன்னுடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். தலைவரானதுதான் அவர் செய்த குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் வேட்பாளரே இல்லாமலும், வென்றவரை உடனே விலக வைத்தும் தேர்தலைச் செல்லாக்காசாக்கினார்கள். 2006-இல்தான் அங்கே தலைவர்கள் வந்தார்கள். பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 சுதந்திர நாளன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, சில நாட்கள் கழித்து, ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையின் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையில் உட்கார்ந்திருந்த படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதே பெரிய பொதுத்தொண்டு என்று சொல்லுவேன்.

இத்தனையையும் தாண்டிச் சாதித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தின் இளங்கோ, வேதிப் பொறியியல் படித்து நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி 1996-இல் தலைவரானார். அங்கே கட்டிய இரட்டை வீடுகளில் பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்றும் மற்ற சாதிக் குடும்பம் ஒன்றும் ஒரே சுவரைப் பகிர்ந்து குடியிருக்கின்றன. அவர் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்தபோது, அவருக்காக நின்றது கிராம சபைதான். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஓடந்துறையில் சண்முகம் தலைவராக இருந்தபோது, ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம் ரூபாயோடு வங்கிக் கடனையும் சேர்த்து, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் நிறுவினார்கள். ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்குப் போனது. ஓர் ஊராட்சி வங்கியில் கடன் வாங்கிக் காற்றாலை வைக்கும் என்று அதற்கு முன் யார் நினைத்திருப்பார்கள்? வீட்டு வரியை ஒழுங்காக வசூலித்து, செலவைக் காட்டி, மிச்சம் பிடித்த ஊரால்தான் அப்படி ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போட முடியும். தலைவரம்மா ஓடந்துறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காற்றாலையைச் சொல்ல மாட்டார், அந்த 40 லட்சத்தைத்தான் சொல்லுவார்.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் போயின. நமக்கு இது புதிதல்ல. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சிதான் நடந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்லும்போது, 9,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இப்படிக் காக்க வைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமன்றத்தை ஒரு மாதம் இப்படி வைத்திருப்போமா? தனி அலுவலர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும், அவர் குடியிருப்பது வேறு ஊரில். ஐந்து மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? எங்கள் பக்கத்தில் இன்னமும் தலைவரம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு இப்போது எந்த அதிகாரமும் கிடையாது. ஆபரேட்டருக்குப் போன் செய்து சொல்லுகிறார், அவ்வளவுதான்.

பதவிக்காலம் முடிந்த பிறகு நடந்த ஒரு கிராம சபைக்கு அவர் போனார். வாக்காளராக, பெண்களோடு பெண்ணாகக் கீழே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் பழைய அவசரம் திரும்பியிருந்தது. செயலர் கூட்டப்பொருளை ஓட்டமாக வாசித்து, "வரவு செலவு விவரம் பதாகையில் உள்ளது" என்று அடுத்ததற்குத் தாவினார். தலைவரம்மா எழுவதற்குள் அவருக்கு முன்னால் இருந்த ஒரு பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எழுந்துவிட்டார். "எங்களுக்குப் படிக்கத் தெரியாது ஐயா, வாசியுங்கள்" என்றார். நேரமாகிறது என்றார் பற்றாளர். "வெயில் தாழட்டும், நாங்கள் இருக்கிறோம்" என்றது இன்னொரு குரல். செயலர் பக்கத்தைப் பின்னால் புரட்டி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். தெருவிளக்குச் செலவில் மூன்று கம்பங்களைப் பற்றிக் கேள்வி வந்தது. பதில் சொல்ல முடியாததால், அடுத்த கூட்டத்தில் ரசீதோடு வர வேண்டும் என்று தீர்மானப் பதிவேட்டில் எழுத வைத்தார்கள்.